புகையே வராத டில்லர்

வெள்ளத்தில் நின்று, அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்த பவர் டில்லர் (பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் சின்ன உழவு வண்டி) ஓட ஆரம்பித்துவிட்டது. செலவு 9,000 ரூபாய் பக்கம் வந்தது. அதில் 750 ரூபாய் ஒரு நாசிலுக்குப் போனது; சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை அது. அந்த நாசில் தேவையே இல்லை. ஸ்டார்ட் ஆகாத டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்புமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் ஹேண்டில் சுற்ற, இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. எங்கள் வண்டியில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன.

வண்டி பெரியப்பாவுடையது. ஒற்றை சிலிண்டர் படுக்கை எஞ்சின், 13 ஹார்ஸ் பவர், தண்ணீர் கூலிங். செல்ஃப், பேட்டரி எதுவும் கிடையாது. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப் லிவரைத் தூக்கிப் பிடித்து ஹேண்டில் சுற்ற வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கம் தென்பெண்ணைக் கரையை ஒட்டி எங்கள் தோட்டம். தென்னைக்கு நடுவே வாழை, ஓரத்தில் கத்தரியும் மிளகாயும். பெரிய டிராக்டர் உள்ளே வந்தால் ஏதாவது ஒரு மரத்தின் பட்டையை உரிக்காமல் திரும்பாது. அதனால் டில்லர்தான் எங்களுக்கு எல்லாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பின்னால் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் வந்து, கரையோர ஊர்களில் புகுந்தது. கொட்டகைக்குள் தண்ணீர் எஞ்சினின் பாதி உயரம் வரை ஏறியதாகச் சுவரில் இருந்த சேற்றுக்கோடு காட்டியது. வடிந்த பிறகு வீட்டைக் கழுவுவதா, மாட்டைப் பார்ப்பதா, வாழையைப் பார்ப்பதா என்று இருந்ததில் டில்லரை யாரும் தொடவில்லை. மேலே தார்ப்பாய் போட்டு மூடியதோடு சரி. அந்தத் தார்ப்பாய்தான் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். புதிது வாங்கினால் வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் மானியம் போக நம் கையிலிருந்து போடுவதும் சின்னத் தொகை இல்லை. எஞ்சின் ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம் என்று தொடங்கினேன்.

வெள்ளத்தில் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் சுற்றக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஆயில் டிரெயின் போல்ட்டைத் திறந்தேன். சுத்தமான தண்ணீர் கொஞ்சம் வந்தது. அதன்பின் பால் அதிகம் ஊற்றிய காபி நிறத்தில் குழம்பாக ஆயில் இறங்கியது. போட்ட ஆயில் இரண்டரை லிட்டர். பிடித்த பக்கெட்டில் நாலு லிட்டருக்கு மேல் இருந்தது.

அடுத்து, நாசிலைத் தாங்கி நிற்கும் இன்ஜெக்டரைக் கழற்றினேன். இரண்டே நட்டுதான், ஆனால் துருவில் இறுகியிருந்தன. டீசலை ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, சுத்தியலால் நட்டின் தலையில் லேசாகத் தட்டி, அப்புறம்தான் ரிங் ஸ்பானர் போட்டேன். ஓப்பன் ஸ்பானர் போட்டிருந்தால் முனை மழுங்கியிருக்கும். இன்ஜெக்டர் வெளியே வந்ததும் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பழைய செம்பு வாஷரையும் கம்பி வைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். அது அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மறந்து மேலே இன்னொன்றைப் போட்டால் இன்ஜெக்டர் உட்கார வேண்டிய ஆழம் மாறிவிடும்.

ஃப்ளைவீல் (எஞ்சின் பக்கத்தில் இருக்கும் கனத்த சக்கரம்) அசையவில்லை. பிஸ்டன் துருவில் பிடித்திருந்தது. பாதி டீசல், பாதி பவர் ஸ்டீயரிங் ஆயில் கலந்து இன்ஜெக்டர் ஓட்டை வழியாக ஊற்றினேன். படுக்கை எஞ்சினில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிண்டர் படுத்திருப்பதால் ஊற்றும் எண்ணெய் கீழ்ப்பாதியில்தான் தேங்கும். மேல் பக்கத் துருவை எட்டாது. எங்கள் வண்டியில் சிலிண்டரை மூடும் ஹெட் முன்பக்கம் இருக்கிறது. அதனால் கைப்பிடியைத் தரைக்கு இறக்கி, முன்பக்கத்தைச் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்தேன். அப்போதுதான் எண்ணெய் பிஸ்டன் தலை முழுக்கப் பரவி ரிங்கைச் சுற்றி இறங்கும். வண்டி சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் தென்னங்கட்டை முட்டுக் கொடுத்தேன். எண்ணெய் குறையக் குறைய மறுபடி ஊற்றி வந்தேன்.

சுற்றுவதற்கு ஃப்ளைவீல் பக்கத்துப் புல்லியில் இரண்டு நீள போல்ட்டை முடுக்கி, நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். ஒரே பக்கமாக அழுத்தாமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஆட்ட வேண்டும். முதலில் நூலளவு அசைவு. அடுத்த நாள் கால் சுற்று. அதற்கும் அடுத்த நாள் முழுச் சுற்று வந்தது. முழுச் சுற்று வரும்போது உள்ளே இருந்த துருத் தண்ணீரும் எண்ணெயும் இன்ஜெக்டர் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடித்துக் கொட்டகைக் கூரையில் தெறித்தது. முகத்தை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது. பெரியப்பா தூர நின்று, "ரத்தம் மாதிரி அடிக்குதேடா" என்றார்.

அப்புறம் டேங்க். அடியில் இருந்த குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். மேலே டீசல், கீழே தண்ணீர், இரண்டுக்கும் நடுவே கறுப்பாக வழவழப்பான ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து உண்டாகும் கசடு அது. வடிகட்டியை அடைப்பது இதுதான். டேங்கைக் கழற்றி, உள்ளே ஒரு கைப்பிடி ஜல்லியும் ஒரு லிட்டர் டீசலும் போட்டு, குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். ஜல்லியை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். ஃபில்டர் புதிது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடக்கினால் வெடிப்பு தெரிந்தது. அதையும் மாற்றினேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. பாண்டியில் டீசல் விலை குறைவு. அந்த வழியாகப் போகிறவர்கள் முள்ளோடை, கன்னியக்கோயில் பங்க்குகளில் கேனில் பிடித்து வந்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்தான். ஆனால் பாதிக் கேன் டீசல் மாதக்கணக்கில் கிடந்தால், மீதிப் பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரியில் வியர்த்து உள்ளே இறங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பெரியப்பா வைத்திருந்த கேனிலும் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. இப்போது கேனை ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலாக ஹோஸ் போட்டு எடுக்கிறோம். கடைசி இரண்டு லிட்டரை டேங்கில் ஊற்றுவதில்லை, பார்ட்ஸ் கழுவ வைத்துக்கொள்கிறோம்.

புது டீசல் ஊற்றி ஏர் எடுத்தேன், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். முதலில் ஃபில்டர் மேல் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். அடுத்து, டீசலை அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்பும் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் அதே வேலை. அதுவரை எல்லாம் ஒழுங்காக வந்தது. புது ஆயில் ஊற்றி, இன்ஜெக்டரைப் பூட்டி, டீகம்பைத் தூக்கிச் சுற்றினோம். நானும் சித்தப்பா பையனும் மாற்றி மாற்றிச் சுற்றி, வியர்த்து, உட்கார்ந்துவிட்டோம். சைலன்சரில் ஒரு துளி புகை இல்லை.

போனில் கேட்டபோது ஊர் மெக்கானிக் ஒருவர், "தண்ணியில நின்ன வண்டிதான தம்பி, நாசில் போயிருக்கும், மாத்திப் பாருங்க" என்றார். நாசில் போயிருக்க வாய்ப்பு இருக்கத்தான் செய்தது. கடலூரில் ஒரு பம்ப்-நாசில் கடைக்கு இன்ஜெக்டரை எடுத்துப் போய், புது நாசில் போட்டு, பிரஷர் செட் செய்து வாங்கி வந்தேன். நாசில் 750 ரூபாய். பூட்டிச் சுற்றினால் அதே நிலை, புகை இல்லை.

அப்புறம்தான் இன்ஜெக்டருக்கு வரும் ஸ்டீல் பைப்பின் நட்டைத் தளர்த்திச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே டீசல் ஒரு துள்ளு துள்ள வேண்டும். ஒன்றுமே வரவில்லை. அதாவது நாசில் வரை டீசல் வந்து சேரவே இல்லை. நாசில் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழுந்திருக்கக் கூடாது. 17 ஸ்பானர் ஒன்று, இரண்டு நிமிட வேலை. பழைய நாசிலைப் பிற்பாடு வேறொரு பாடியில் போட்டு, கடையிலேயே டெஸ்டரில் அடித்துப் பார்த்தார்கள். 200 கிலோ பிரஷரில் பனி போலச் சிதறியது, முனையில் சொட்டு இல்லை. அதை ஆயில் தடவி டப்பாவில் போட்டு ஸ்பேராக வைத்திருக்கிறேன். இன்னொன்று: நாசில் டீசல் அடிப்பதை வெளியே வைத்துப் பார்க்கும்போது கையைக் குறுக்கே நீட்டக் கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

பம்ப்புக்குள் டீசல் போகிறது, வெளியே வரவில்லை. இரண்டு இடம்தான் சந்தேகம். பம்ப்பிலிருந்து டீசலை வெளியே விடும் டெலிவரி வால்வு, அல்லது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பி. எஞ்சின் பக்கவாட்டில் பம்ப்பை ஒட்டி ஒரு சின்ன மூடி இருக்கும். நாலு போல்ட். திறந்தால் ஆக்சிலரேட்டர் லிவரை அசைக்கும்போது உள்ளே கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) கவை, பம்ப்பின் ராக் கம்பியைத் தள்ளி இழுப்பது தெரிய வேண்டும். லிவர் அசைந்தது, ஸ்பிரிங் நீண்டது, ராக் அசையவில்லை. எஞ்சினைக் கடைசியாக நிறுத்தியபோது ஸ்டாப்பில் இழுத்த ராக், அதே இடத்தில் துருவில் உட்கார்ந்துவிட்டது. வருடம் முழுக்க எஞ்சின் "நிறுத்து" நிலையிலேயே இருந்திருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு சுற்றினாலும் பம்ப் ஒரு துளி அனுப்பாது.

பம்ப்பைக் கழற்றும்போது அதன் அடியில் மெல்லிய தகடுகள் இருந்தன, மூன்று. கிழிந்த பேக்கிங் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடியவை. டைமிங்கே அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. தகட்டைக் குறைத்தால் பம்ப் கேமுக்கு நெருங்கி, டீசல் சீக்கிரம் அடிக்கும், கூட்டினால் தாமதமாகும். ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரி மாறும். மூன்றையும் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எத்தனை என்று மேலே எழுதி வைத்தேன்.

பம்ப் ஒரு உள்ளங்கை அளவு. அதைப் பிரிப்பதற்கு வீட்டுத் திண்ணை சரிப்படாது. பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்கொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. ஒரு மணல் துகள் போதும் கெடுக்க. மறுபடி பம்ப் கடைக்கே போனேன். பிரித்துக் காட்டினார்கள். ராக் பற்களில் சிவப்புத் துரு, பிளஞ்சரில் தண்ணீர் நின்ற இடத்தில் நகத்தால் உணரக்கூடிய குழிகள். எலிமெண்ட்டும் (அந்த பிளஞ்சர், பேரல் ஜோடி) டெலிவரி வால்வும் புதிது போட்டு 1,150, கூலி 500. வாங்கும்போது ராக்கை விரலால் தள்ளிப் பார்த்தேன். பம்ப்பைச் சாய்த்தாலே தன் கனத்தில் வழுக்கி ஓட வேண்டும். ஓடியது.

பூட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ராக் முனையில் இருக்கும் சின்ன உருண்டை, கவர்னர் கவைக்குள் போய் உட்கார வேண்டும். கவைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டால் பம்ப் ஒழுங்காகப் பொருந்தியது போலத்தான் இருக்கும், போல்ட்டும் இறுகும். ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கட்டுப்பாடு இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும், லிவரை இழுத்தாலும் நிற்காது. அந்தப் பக்கவாட்டு மூடியைக் கடைசி வரை மூடாமல் வைத்து, லிவரை ஆட்டி ஆட்டி, ராக் கூடவே போய் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடினேன்.

டைமிங் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பம்ப்பிலிருந்து போகும் ஸ்டீல் பைப்பைக் கழற்றிவிட்டு, லிவரை முழு ஆக்சிலரேட்டரில் வைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பம்ப் வாயில் டீசல் கண்ணாடியாக நிற்கும். அது லேசாக மேலே அசையும் நொடியில் நிறுத்திவிட்டு, ஃப்ளைவீலில் பொறித்திருக்கும் இன்ஜெக்‌ஷன் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டி என்று இருக்கும் கோடு இதற்கு இல்லை, அது பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் காட்டுவது. மூன்று தகட்டோடு எங்கள் கோடு குறிக்கு ஒரு பருத்தி நூல் அகலம் தள்ளி நின்றது. புது எலிமெண்ட் என்பதால் இருக்கலாம். ஒரு தகட்டை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய ஒன்றைப் போட்டதும் கோடு நேராக வந்தது. அந்தத் தகட்டைக் கடைக்காரர் சும்மா கொடுத்தார்.

பைப்பைப் பூட்டி, இன்ஜெக்டர் முனை நட்டைத் தளர்த்திச் சுற்றினேன். டீசல் துள்ளியது. நட்டை இறுக்கிச் சுற்றும்போது இன்ஜெக்டருக்குள் 'க்ரீக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது கேட்டது. சைலன்சரில் வெள்ளைப் புகை. கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடை. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை.

இனி கேள்வி கம்ப்ரஷன். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் கிடையாது. காற்றை அமுக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். காற்று ஒழுகினால் சூடு இல்லை. டீகம்பை இறக்கிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் தள்ளினால், நல்ல எஞ்சின் ஒரு இடத்தில் கெட்டியாக எதிர்த்து, விட்டால் பின்னுக்குத் துள்ளும். இது எதிர்த்தது, ஆனால் அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல வழிவிட்டது. முதலில் டீகம்ப் லிவரையே சந்தேகப்பட்டேன். அது வால்வைத் தூக்கிப் பிடிக்கிற லிவர். சரியாக இறங்காமல் இருந்தால் இதே அறிகுறிதான். ராக்கர் மூடியைத் திறந்து பார்த்தேன். அது ஒழுங்காக இறங்கியது.

காற்று எங்கே ஒழுகுகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஏர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சைலன்சர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. சைலன்சரைக் கழற்றினேன். அதன் வளைவுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, பாதி வழியை அடைத்து. குச்சியால் குத்தி எடுத்தேன். அதுவும் ஒரு தடைதான், ஆனால் காரணம் அது இல்லை. எக்ஸாஸ்ட் வாயில் தினசரித் தாளில் கிழித்த ஒரு துண்டைத் தொங்கவிட்டு, சித்தப்பா பையனை ஃப்ளைவீலை அழுத்தச் சொன்னேன். தாள் படபடத்தது. சீறலும் கேட்டது.

சிலிண்டரில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் ஏறுகிறதா என்று பார்க்கும் முறையையும் செய்தேன். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்பார்கள். படுக்கை எஞ்சினில் ஆயில் ஒரு பக்கமாகவே தேங்குவதால் அதை நான் முழுதாக நம்ப மாட்டேன். தாள் சொன்னதை நம்பி ஹெட்டைக் கழற்றினேன்.

எக்ஸாஸ்ட் வால்வின் உட்காரும் விளிம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், தண்டில் துரு. இன்லெட் வால்வில் ஒன்றும் இல்லை. வண்டி நின்றபோது எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. சைலன்சர் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்திருக்கிறது. தார்ப்பாய்க்குள் அடைந்த ஈரம் முழுவதும் அந்த வழியாக நேராக வால்வுக்கு வந்திருக்கிறது. சிலிண்டரின் சுவரில் பிஸ்டன் பிடித்திருந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது, விரல் நகத்துக்குத் தட்டுப்படவில்லை. விட்டுவிட்டேன்.

வால்வு தண்டு குழி விழுந்ததால் புதிது, 350 ரூபாய். வால்வு உட்காரும் சீட்டைக் கையாலேயே கிரைண்ட் செய்தேன். முதலில் முரட்டுப் பேஸ்ட், அப்புறம் மெல்லியது. ரப்பர் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். அவ்வப்போது வால்வைத் தூக்கிக் கால் சுற்று திருப்பி மறுபடி உட்கார வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் போல ஆனது. விடுபடல் இல்லாமல் சாம்பல் நிற வளையம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வந்தால் போதும். பேஸ்ட்டைத் துடைப்பதில் சோம்பல் கூடாது. அது சிலிண்டருக்குள் போனால் ரிங்கையும் அரைக்கும். டீசலில் கழுவி, வால்வைப் பூட்டி, எக்ஸாஸ்ட் வழியில் டீசல் ஊற்றி வைத்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் வால்வு விளிம்பில் ஈரக் கசிவு இல்லை.

புது ஹெட் கேஸ்கெட் போட்டு, நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக மூன்று கட்டமாக இறுக்கினேன். டார்க் ரெஞ்ச் பைக் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் இரவல். டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டியது, மேனுவலில் இருந்தபடி 0.25 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இப்போது ஃப்ளைவீலைத் தள்ளினால் கெட்டியாக எதிர்த்துப் பின்னுக்குத் துள்ளியது.

ஸ்டார்ட் செய்யுமுன் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, அந்த வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையைக் கையோடு வைத்துக்கொண்டேன். எஞ்சின் வேகம் பிடித்துக் கைமீறினால், காற்றை அடைப்பதுதான் நிறுத்த வழி. துணியை வைத்தால் உள்ளே இழுத்துவிடும். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். எதிர்த்து அடித்தால் கை தப்பும்.

டீகம்பைத் தூக்கி, வேகம் ஏறும்வரை சுற்றி, லிவரை விட்டோம். டம் டம் என்று இரண்டு அடி அடித்து நின்றது. மறுபடி சுற்றியதும் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, அப்புறம் உள்ளே விட்டிருந்த எண்ணெய் எரிந்து நீலப் புகை, கொஞ்ச நேரத்தில் புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தெளிந்தது. வேகம் மட்டும் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தது. கவர்னர் இணைப்புகளில் இருந்த துருதான். அரைமணி ஓடி ஆயில் பட்டதும் சமமானது. ஆயில் பிரஷர் காட்டும் சிவப்புக் குமிழ் எழுந்து நிற்கிறதா என்று முதல் நிமிடத்திலேயே பார்த்துவிட வேண்டும். பெரியப்பா சைலன்சர் பக்கம் கையை நீட்டி அடியை உணர்ந்து பார்த்துவிட்டு, "சரி, இரும்புக் கடைக்காரனுக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லு" என்றார்.

சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலை இறக்கினேன். மறுபடி லேசான காபி நிறம்தான். கிராங்க் கேஸின் மூலைகளில் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு தடவையில் போகாது. இரண்டாவது தடவை ஊற்றிய ஆயில் நிறம் மாறவில்லை. எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்கி, டேப்பட்டையும் திரும்பப் பார்த்தேன். கேஸ்கெட் அமர்ந்ததில் இடைவெளி கொஞ்சம் குறைந்திருந்தது. கியர் பாக்ஸ் ஆயிலும் கலங்கியிருந்ததால் 90 கிரேடு புதிது. வி பெல்ட் மூன்றும் ஊறி ஓரம் பிரிந்திருந்தன. ஒன்றை மட்டும் மாற்றினால் புதிதே மொத்த இழுவையையும் தாங்கி அறுந்துபோகும் என்பதால் மூன்றும் ஒரே செட்டாக வாங்கினேன்.

கணக்கு: ஃபில்டர் 220, ஹோஸும் கிளிப்பும் 150, நாசில் 750, பம்ப் எலிமெண்ட், டெலிவரி வால்வு 1,150, பம்ப் கூலி 500, எக்ஸாஸ்ட் வால்வு 350, ஹெட் கேஸ்கெட் செட் 600, கிரைண்டிங் பேஸ்ட் 80. எஞ்சின் ஆயில் இரண்டு தடவைக்கும் சேர்த்து 1,600, கியர் ஆயில் 1,500, பெல்ட் 1,200. கழுவவும் ஓட்டவும் போன டீசல் 900. எண்ணெய் வகையே பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நம் உழைப்புக்குக் கூலி போட்டால் இந்தக் கணக்கு நிற்காது, போடவில்லை.

அடுத்த தடவை என்றால் வரிசையை மாற்றுவேன். பிஸ்டன் சுற்ற ஆரம்பித்த உடனே ராக்கையும், இன்ஜெக்டரைப் பூட்டிக் கம்ப்ரஷனையும் பார்த்துவிடுவேன். இரண்டுக்கும் காசு வேண்டாம். பம்ப் கடைக்கு ஒரே நடையில் இன்ஜெக்டரையும் பம்ப்பையும் சேர்த்தே எடுத்துப் போவேன். ஹெட்டைக் கழற்றப்போவது தெரிந்தால் சிலிண்டரில் எண்ணெய் ஊற வைப்பதும் சுலபம், பிஸ்டனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

நிறுத்தி வைக்கும் விதத்தை இப்போதே மாற்றிவிட்டோம். எஞ்சின் நின்ற பிறகு ஃப்ளைவீலைக் கையால் தள்ளி, கெட்டியாக எதிர்க்கும் இடத்தில் விட்டுவிடுகிறோம். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சர் வாயில் ஒரு பெரிய கொட்டாங்குச்சி கவிழ்த்திருக்கிறது. வேலை இல்லாத மாதங்களிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆக்சிலரேட்டர் லிவரையும் ஸ்டாப்பையும் ஆட்டிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டுகிறோம். ஐப்பசி பிறக்குமுன் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ரோட்டோரத்தில் மேடாக இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு வண்டியை ஓட்டிப் போய்விடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் பக்கத்து அச்சு சீலில் மட்டும் கியர் ஆயில் இன்னும் சொட்டுகிறது. சீல் வாங்கி வைத்தாகிவிட்டது. அச்சில் சீல் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். கழற்றிய பிறகுதான் தெரியும்.